கங்கைகொண்டானில் எந்தத் தெருவில் தங்குவது?

மார்ச் மாத ஆணியை எல்லாம் ஒருவழியாகப் பிடுங்கி முடித்துவிட்டு, ஏப்ரல் முதல் ஞாயிறு எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். குர்லா மேற்கில், ஒரு சாலின் மாடியில் நடக்கும் கூட்டம். போனவன் மிக்சரைத் தின்றுவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை (இங்கே அதற்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர். மீசை அரும்பிய உடனே காலேஜ்!) எங்காவது சில நாள் அழைத்துப் போகவேண்டும் என்று பேச்சு வந்தது. மாத்தேரான், மகாபலேஷ்வர் என்று வழக்கமான பட்டியலை வாசித்தார்கள்.

"குதிரை சவாரிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் சங்கப் பணமா? போற இடத்துல நாலு நாள் தங்கி எதையாவது அளந்து, நாலு பேரைக் கேட்டு எழுதிட்டு வரட்டுமே" என்று வாயை விட்டேன்.

"அப்ப நீங்களே பிளான் போட்டுக் குடுத்துடுங்க சார்" என்று தலைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கைதட்டல் வேறு.

நான் பி.காம். புவியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு கணக்கு தீர்ந்துவிட்டது. ஒன்றும் புரியாத வேலை தலையில் விழுந்தால் வங்கிக்காரன் என்ன செய்வான்? பழைய ஃபைலைத் தேடுவான். நானும் தேடினேன். நமக்கு முன்னால் யார் யார் மாணவர்களை வெளியே கூட்டிப்போய்த் தங்கவைத்துப் படித்தார்கள் என்று பார்க்கப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 1943-ல், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரான்சிஸ் பட்லர் என்பவர் முன்னின்று ஆரம்பித்தது. 1946-ல் சஃபோக்கில் ஃபிளாட்ஃபோர்டு மில் என்ற பழைய மாவு மில்லில் முதல் தங்குமிடத்தைத் திறந்தார்கள். ஓவியர் கான்ஸ்டபிளின் குடும்பம் நடத்திய மில் அது. பள்ளியின் கடைசி இரண்டு வருடப் பிள்ளைகள் அங்கே வந்து தங்கி, பகலில் ஆற்றங்கரை, வயல் என்று அலைந்து, ராத்திரி உட்கார்ந்து வரைபடம் போடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் சங்கத்திடம் மில்லும் இல்லை, ஃபிளாட்ஃபோர்டும் இல்லை.

நம் பக்கம் பார்த்தால் பம்பாய்க்கே ஒருவர் வந்திருக்கிறார். பாட்ரிக் கெடிஸ், ஸ்காட்லாந்துக்காரர். தாவரவியலில் தொடங்கி நகரமைப்பில் முடிந்தவர். சென்னையில் குண்டு போட்ட எம்டன் நமக்கெல்லாம் தெரியும். அதே எம்டன் 1914 அக்டோபரில் மூழ்கடித்த கப்பல்களில் ஒன்றில்தான் கெடிஸின் நகரமைப்புக் கண்காட்சிக்கான படங்கள் மொத்தமும் இருந்தன. மனிதர் அசரவில்லை. வேறு படங்களைச் சேகரித்து 1915-ல் சென்னையிலேயே கண்காட்சியை நடத்திக் காட்டினார். 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்குப் பேராசிரியராக வந்து 1924 வரை இருந்தார்.

அவருடைய முக்கியமான பாடம் ஒரே ஒரு படம்தான். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது. மேலே சுரங்கக்காரன், மரம் வெட்டுபவன், வேட்டைக்காரன். நடுவில் மேய்ப்பன், உழவன். கீழே தோட்டக்காரன், மீனவன். நிலம் எப்படியோ தொழில் அப்படி, தொழில் எப்படியோ ஊர் அப்படி. நம் குறிஞ்சி முல்லையைப் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் போய் நின்று பார் என்கிறாரே, அங்கேதான் வித்தியாசம்.

உடனே எனக்கு மித்தி ஆறு ஞாபகம் வந்தது. 1860-ல் கட்டி முடித்த விஹார் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் பவாய் ஏரித் தண்ணீரும் சேர்ந்து, சாக்கிநாக்காப் பட்டறைகள், விமான நிலைய ஓடுபாதை, நம்ம குர்லா, கண்டல் சதுப்பை நிரப்பிக் கட்டிய பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ், தாராவி என்று வந்து மாஹிமில் கோளி மீனவர் படகுகளுக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. காடு முதல் கடல் வரை கெடிஸ் படம் முழுக்க இருபது கிலோமீட்டருக்குள்! 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். குர்லாவில் தரைத்தள வீடுகள் மூழ்கின. இன்று பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை.

ஆனால் தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற ஆற்றைப் பார்க்க நாலு நாள் தங்க வேண்டாம். ஒரு ஞாயிறு போதும். அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம் என்று குறித்துவைத்தேன்.

தங்கிப் பார்ப்பதற்கு எப்படிப்பட்ட ஊர் வேண்டும்? எந்த ஊருக்குப் போனாலும் மண் செம்மண், மக்கள் நல்லவர்கள், பஸ் வசதி குறைவு என்று எழுதிக்கொண்டு வரலாம். அதனால் என்ன தெரியும்? எங்கள் தொழிலில் ஆரம்ப இருப்பு இல்லாத கணக்கு கணக்கே இல்லை. இவ்வளவு இருந்தது, இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, மிச்சம் இவ்வளவு என்று சொன்னால்தான் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். ஆகவே, ஏற்கெனவே யாரோ ஒருவர் எண்ணி எழுதிவைத்த ஊருக்குத்தான் போகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்திலேயே ஒன்று இருந்தது. புணே வேளாண்மைக் கல்லூரி முதல்வராக இருந்த ஹரால்டு மான், பவனா ஆற்றங்கரையில் உள்ள பிம்ப்ளே சௌதாகர் என்ற கிராமத்தைச் சல்லடை போட்டுச் சலித்து 1917-ல் புத்தகமாகப் போட்டார். பழைய வருவாய்ப் பதிவுகளைத் தோண்டி அவர் கண்டது: 1771-ல் அந்த ஊரில் ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக 40 ஏக்கர். 1915 வாக்கில் 7 ஏக்கர். அந்த ஏழும் ஒரே இடத்தில் இல்லை. அங்கொரு துண்டு, இங்கொரு துண்டு. நல்ல விளைச்சல் வருடத்தில்கூட ஊரில் பெரும்பாலான நிலங்கள் உடையவனுக்குச் சோறு போடாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். விவசாயக் கடன் பிரிவில் ஒரு காலத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடச் சர்வீஸ் தேவைப்பட்டது.

ஆனால் இன்றைக்குப் பிம்ப்ளே சௌதாகர் போனால் வானம் பார்க்கும் அடுக்குமாடிகள்தான். ஐ.டி. பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். செக்யூரிட்டியிடம் "1771-ல்..." என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம்.

இதே சமயத்தில் சென்னையில் நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் படிப்பதற்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். (பின்னாளில் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றிப் புத்தகம் எழுதினாரே, அவரேதான்.) வந்து பார்த்தால் இந்தியப் பொருளாதாரம் நடத்தப் பாடப்புத்தகம் கிடைத்தாலும், இந்தியக் கிராமத்தைப் பற்றி எண்ணிச் சொல்ல ஆள் இல்லை. என்ன செய்தார்? ஒரு கேள்வித்தாள் தயாரித்து மாணவர் கையில் கொடுத்து, "விடுமுறைக்குப் போகிறீர்கள் அல்லவா, உங்களுக்குத் தெரிந்த கிராமத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். நிலம் யாரிடம், தண்ணீர் எங்கிருந்து, தொழில் என்ன, கூலி என்ன, கடன் எவ்வளவு.

பேராசிரியர் பெயரில் 1918-ல் புத்தகமாக வந்தாலும், உள்ளே இருப்பது கல்லூரிப் பையன்கள் விடுமுறையில் எழுதிய வீட்டுப்பாடம். அதில் ஐந்து தமிழ் ஊர்கள் அப்புறம் புகழ்பெற்றுவிட்டன: காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றுத் தண்ணீரும் ஏரியுமாக இருக்கும் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காவிரி டெல்டாவில் பாலக்குறிச்சி, அந்த நாள் ராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட பூமியில் வடமலைபுரம், நெல்லைச் சீமையில் கங்கைகொண்டான். ஏரி, டெல்டா, கரிசல், ஆற்றுப்பாசனம் என்று தமிழ்நாட்டையே குறுக்கே வெட்டியது போல அமைந்துவிட்டது.

இன்னும் பெரிய அதிர்ஷ்டம், பின்னால் வந்தவர்கள் அதை மறக்கவில்லை. 1930-களின் நடுவில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்து 1940-ல் புத்தகம் போட்டார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ்.குகன், வெங்கடேஷ் ஆத்ரேயா போன்றவர்கள் போனார்கள். இந்த நூற்றாண்டில் ஜான் ஹாரிஸும் ஜெ.ஜெயரஞ்சனும். கங்கைகொண்டானைப் பற்றி இவர்கள் இருவரும் எழுதியது 1916-லிருந்து 2012 வரைக்கும் ஒரே ஊரின் கணக்கு. ஏறத்தாழ நூறு வருட லெட்ஜர்! எங்கள் வங்கியில்கூட அவ்வளவு பழைய பேரேடு கிடையாது.

சங்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டி ஊர் நெல்லை, தூத்துக்குடி. மொழிப் பிரச்சினை இல்லை. ஸ்லேட்டரின் மாணவர்களுக்கும் இவர்களுக்கும் வயது வித்தியாசம் மூன்று நாலு வருடம்தான். கங்கைகொண்டான் என்று தீர்மானித்து, இரண்டு வாரத்தில் எட்டுப் பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். தங்குவதற்கும் செலவில்லாமல் வழி கிடைத்தது. உறுப்பினர் ஒருவருக்கு ஊருக்குள்ளேயே பெரிய வீட்டில் சொந்தக்காரர் இருக்கிறார். முற்றம் வைத்த வீடு, கிணறு உண்டு, இருபது பேர் தாராளமாகப் படுக்கலாம். "நம்ம பிள்ளைங்கதானே, வரட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

மே மாதக் கூட்டத்தில் இதை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். இரண்டு பெண்களைத் தனியாக வளர்ப்பவர். பிறந்த ஊர் கங்கைகொண்டானுக்குப் பக்கம்.

"பிள்ளையள அங்க கூட்டிட்டுப் போயி என்னத்தக் காட்டப் போறீய சார்? நாங்க வேண்டாம்னு விட்டுட்டு வந்ததத்தான?"

நான் நூறு வருட லெட்ஜர் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"அந்தப் பெரிய வீடு எந்தத் தெருவுல இருக்கு?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. எட்டுப் பக்கத்தில் டார்ச் லைட், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உட்பட எல்லாம் எழுதியிருந்தேன். தெருவை எழுதவில்லை.

அவர் பயப்படுவதில் என்ன தவறு? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் தப்பவில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த பரிந்துரைகளில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவேண்டும் என்பதும் ஒன்று. குர்லாப் பிள்ளைக்கு அந்தக் கயிற்றின் நிறம் படிக்கத் தெரியாது. இங்கே சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை, சங்கங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே போதும். ஆனால் ஒரே தண்ணீர் லாரிக்கு ஒரே வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைலை மறுபடி பிரித்தேன். இந்த முறை, அவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமல், எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்று பார்த்தேன்.

எம்.என்.ஸ்ரீநிவாஸ், பம்பாயில் படித்தவர், 1948-ல் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்ற ஊரில் போய்த் தங்கினார். தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான மாட்டு வீட்டில். தலைவரின் விருந்தாளி, அதிலும் பிராமணர் என்ற அடையாளம் தன்னைச் சில இடங்களுக்குப் போகவிடாமல் கட்டிப்போட்டதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். (1970-ல் கலிபோர்னியாவில் அவர் அலுவலகத்தைக் கொளுத்தியதில் ஆய்வுக் குறிப்புகள் எரிந்துபோக, நினைவிலிருந்தே அந்தப் புத்தகத்தை எழுதினார் என்பது தனிக்கதை.) 1961-ல் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துக்கு வந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. அவருக்கு இடம் கிடைத்தது அக்ரகாரத்தில். அங்கே தங்கியதாலேயே அவர்களில் ஒருவராக நடத்தப்பட்டார்; அதனாலேயே மற்றத் தெருக்களுக்குள் சகஜமாகப் போய்வருவது சிரமமாக இருந்தது என்கிறார். போகிறவர்தான் சங்கடப்படுகிறார் என்றில்லை. அக்ரகாரத்திலிருந்து ஓர் ஆள் சேரிக்குள் வந்தால் அங்கிருப்பவர்களுக்கும் சங்கடம்தான்.

பேராசிரியர்களுக்கே இந்தக் கதி என்றால் ஸ்லேட்டரின் பையன்கள்? 1916-ல் சென்னையில் கல்லூரிக்குப் போனவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. விடுமுறையில் தெரிந்த ஊருக்குப் போனவர்கள் தெரிந்த திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நிலம், கடன், மகசூல் பற்றி அந்தத் திண்ணையிலிருந்து கிடைக்கும் விவரம் வேறு. கூலி வாங்குபவன் சொல்லும் விவரம் வேறு. நான் பெருமையடித்த ஆரம்ப இருப்பு, ஒரு தெருவிலிருந்து எழுதிய இருப்பு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் அதைச் சரிசெய்ய நிறைய உழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் பிள்ளைகள் இருபது பேரையும் முற்றம் வைத்த வீட்டில் கொண்டு இறக்கினால் 1916-க்கே திரும்பிப் போவதாக அர்த்தம். இறங்கிய பிறகு அதிலேயே சில பிள்ளைகளை "நீ எந்த ஊருடா, யாரு வீட்டுப் பேரன்?" என்று கேட்பார்கள். அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? அந்தக் கேள்வி முழுக்கப் பாசத்தோடு கேட்கப்பட்டாலும்?

திட்டத்தைத் திருத்தினேன். இப்போது இருப்பது இதுதான்.

போவது டிசம்பர் கடைசி வாரம். வடகிழக்கு மழை ஓய்ந்து, குளங்களில் தண்ணீர் நிற்கும், வயலில் பயிர் நிற்கும். தாதரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், ரயிலில் இரண்டு இரவு. போர் காட் மலைப்பாதையை (1863-ல் ரயில் ஏறிய பாதை) இருட்டில் கடந்துவிடுவோம், அது ஒரு குறை. விடிந்தபின் ஜன்னலோரப் பிள்ளைகள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மண்ணின் நிறத்தையும் வயலில் நிற்கும் பயிரையும் எழுதிவர வேண்டும். மணியாச்சியில் வாஞ்சிநாதன் கதை சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் ரெடி.

தங்குவது எந்தத் தெருவிலும் இல்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாடகை உண்டு, முற்றம் வைத்த வீட்டுக்காரரிடம் ஒரு மதியச் சாப்பாடு மட்டும் ஏற்றுக்கொள்கிறோம். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்பதற்கே அந்த உறுப்பினருக்கு மூன்று போன் ஆயிற்று.

முதல் நாள் சிற்றாறு. குற்றாலத்தில் அருவியாக விழுகிற அதே தண்ணீர்தான் இங்கே வந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. கயிறு பிடித்து அகலம் அளப்பது, எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு வேகம் பார்ப்பது, கிணறுகளில் நீர்மட்டம். இரண்டாம் நாள் மண்ணும் கல்லும். தெற்கே தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949-லேயே ஏன் வந்தது என்பதற்குச் சுண்ணாம்புக்கல்தான் பதில், அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். 2013-ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது, சிப்காட் வளாகமும் இருக்கிறது. மானும் டயர் கம்பெனியும் ஒரே வரைபடத்தில் வருவதைப் பிள்ளைகளே குறிக்கட்டும்.

மூன்றாம், நாலாம் நாள் தெருக்கள். நாலு பேர் கொண்ட ஐந்து குழு. யாரிடமும் சாதி கேட்கக்கூடாது, வருமானம் கேட்கக்கூடாது. கேட்பது: வீட்டில் யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எதில் போகிறார்கள், குடிதண்ணீர் எங்கிருந்து, கடைசியாக நிலத்தில் எப்போது வேலை செய்தார்கள், வெளியூரில் யார் இருக்கிறார்கள். ஹாரிஸும் ஜெயரஞ்சனும் பார்த்தபோதே விவசாயம் ஊரின் ஓரத்துக்குப் போய், ஜனங்கள் பலவித வெளிவேலைகளில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். எந்தக் குழுவும் ஒரே தெருவோடு நிற்காது. முதல் நாள் பெரிய தெருவில் கேட்டவர்கள் மறுநாள் கீழத்தெருவிலும், அங்கே கேட்டவர்கள் இங்கேயும் கேட்பார்கள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதிக்குக் கீழே இன்னொரு வரி கட்டாயம்: எந்தத் தெரு, எங்கே உட்கார்ந்து கேட்டது. திண்ணையா, தரையா, நாற்காலியா, நின்றுகொண்டா. உள்ளே கூப்பிட்டார்களா, குடிக்கக் கொடுத்தார்களா, எதில் கொடுத்தார்கள்.

செலவு தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வருகிறது. பாதி சங்கம், பாதி பெற்றோர். கட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், அதைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

ஜூன் கூட்டத்தில் இதை வாசித்தபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் பெயர் கொடுக்கும் நோட்டு சுற்றி வந்தது. பெரிய மகள் பெயரை எழுதிவிட்டு, கீழே தன் பெயரையும் எழுதினார்.

"நீங்களுமா?" என்றேன்.

"எங்க தெருவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் சார். மத்தத் தெருவுக்கு நீங்க என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. நானும் உள்ள போயிப் பாத்ததில்ல."

ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும். இருபது பிள்ளைகள், நான், இன்னும் இரண்டு ஆசிரியர்கள், இப்போது இன்னொன்று. இருபத்து நாலு பெர்த், முடிந்தால் ஒரே பெட்டியில்.